எள்ளளவு பூச்சியும் முழ நீள மீனும்

தூண்டில் முள்ளுக்கு இடும் எண்களில் ஒரு விந்தை உண்டு. எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 10ஆம் எண் முள்ளைவிட 14ஆம் எண் முள் சிறியது. 20ஆம் எண் முள் ஓர் அரிசி மணியின் நீளந்தான் இருக்கும். 28ஆம் எண் முள்ளோ எள்ளுக்கு இணை. 32ஆம் எண் வரையிலும் முள் செய்து விற்கிறார்கள். அதனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் போதும், பிறகு தரையைத் துழாவ வேண்டியதுதான். இத்தகைய முள்ளின்மேல் நூலையும் இறகையும் சுற்றி ஒரு பூச்சியின் உருவத்தைச் சமைத்து, அதனைக் கொண்டு முழ நீளத்துக்கு மேற்பட்ட டிரவுட் மீனைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 20ஆம் எண் முள்ளால் 20 அங்குல மீனைப் பிடித்தவர் என்று சொல்லிக்கொள்வது அமெரிக்கத் தூண்டிற்காரரிடையே ஒரு பெருமை. அக்கலையைப் பற்றியும், அதனுள் அடங்கியுள்ள இயற்கை அறிவைப் பற்றியும் மாணவர்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நம் நாட்டுக்கு அது வந்தேறி. நீலகிரியில் அதனைக் குடியேற்றும் முயற்சி 1860களிலேயே தொடங்கிற்று. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்த பின்னரே அது வேரூன்றியது. ஆயினும் மிகச் சிறிய பொய்ப்பூச்சிகளைக் கட்டும் கலை வளர்ந்தது நம் மலைகளில் அன்று. அது செழித்த இடங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்னும் ஊரை ஒட்டி ஓடும் லெட்டார்ட் என்ற சிற்றோடை. என் மகன் அம்மாநிலத்தில் பணிபுரிகிறான். பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபின் இருமுறை அங்குச் சென்று சில திங்கள் தங்கினேன். பக்கத்து வீட்டில், கடைசல் இயந்திரத் தொழிலாளியாயிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். பனிக்காலத்தில் வெளியே செல்ல இயலாத நாட்களில் அவருடைய மேசையருகே அமர்ந்து, பூச்சி கட்டும் வேலையை ஓரளவு பழகிக்கொண்டேன். நான் மீன் உண்பவனல்லன். எனவே கோலைக் கையிலெடுத்ததைவிடக் கரையில் நின்று பார்த்ததே மிகுதி.

லெட்டார்ட் ஓடை சுண்ணாம்புக்கற் பாறைகளினூடே சுரக்கும் ஊற்று நீரால் ஆனது. கோடையிலும் குளிர்காலத்திலும் ஊற்றுக்கண்ணில் நீரின் வெப்பம் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். நீர் கண்ணாடிபோல் தெளிந்து, அடியிலே பாசியும் பூண்டுகளும் மண்டி, மெல்ல நகரும். இரைச்சலிட்டுப் பாயும் மலையாற்றில், முன்னே மிதந்து செல்வது பூச்சியா சருகா என்று ஆராய மீனுக்கு நேரம் இராது; கண நேரத்தில் கவ்வ வேண்டும். இந்த ஓடையில் அப்படியன்று. மீன் நிதானமாகப் பார்க்கும். பிடிக்கவில்லையானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவேதான் இங்குத் தூண்டிற்காரர் தேர்வு எழுதும் மாணவராகவும், மீன் கண்டிப்பான ஆசிரியராகவும் ஆகிவிடுகின்றனர்.

இவ்வோடையின் கரையில் நெடுநாள் நடமாடியவர்கள் வின்சென்ட் மரினாரோ, சார்லஸ் ஃபாக்ஸ் என்னும் இருவர். நீர்ப்பரப்பில் மீன்கள் ஓயாமல் வாய் திறந்து எதையோ உண்பதைப் பலகாலும் கண்டனர். உண்ணப்படும் பொருளோ கண்ணுக்குப் புலனாகவில்லை. மரினாரோ கரைப் புல்லின்மேல் குப்புறப் படுத்து, முகத்தை நீரருகே வைத்துக்கொண்டு, கூர்ந்து நோக்கலானார். நின்றவர் கண்ணுக்கு வெறுமையாயிருந்த நீர், படுத்தவர் கண்ணுக்கு நிறைந்திருந்தது. சிற்றெறும்புகள், கடுகளவான வண்டுகள், நம் உழவர்கள் தத்துப்பூச்சி என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை ஆகியன புல்லிலிருந்து தவறி விழுந்து, நீர்த்தோலில் ஒட்டிக்கொண்டு மிதந்து சென்றன. இவற்றைப் பற்றியெல்லாம் அவர் 1950இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அதன்பின் அந்நாட்டில் மீன்பிடிக் கலையின் நோக்கே ஒருவாறு மாறிற்று எனலாம்.

நீர்த்தோல் என்றேன். அது என்ன? ஒரு கிண்ணத்தில் நீர் நிரப்பி, தையலூசி ஒன்றைச் சிறு காகிதத் துண்டின்மேல் கிடத்தி மெல்ல மிதக்க விடுங்கள். காகிதம் ஊறி மூழ்கும், ஊசி மிதக்கும். எஃகு நீரைவிடப் பன்மடங்கு கனமானதாயினும், நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் நின்று அதனைத் தாங்குகிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முள்ளின் நீளத்தையும் தடிப்பையும் பாதியாகக் குறைத்தால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அது நீரைத் தொடும் விளிம்பு பாதியளவுதான் குறையும். ஆகையால் எடையோடு ஒப்பிடுங்கால், சிறிய முள்ளுக்கு நீர் தரும் தாங்கல் நான்கு மடங்கு பெருகுகிறது. பெரிய பொய்ப்பூச்சியை மிதக்க வைக்க இறகை அடர்த்தியாகச் சுற்றவேண்டும். எள்ளளவு பூச்சிக்கு மூன்று சுற்று மிகுதி. இவ்வுண்மையை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைவிட அம்முதியவர் மேசையில் கண்டபோதுதான் எனக்கே சுவைத்தது.

அதே நீர்த்தோல் உண்மையான சிறு பூச்சிக்குச் சிறைக்கூடமும் ஆகும். கொசுவைப்போல் தோன்றி, ஆனால் கடியாத ஒருவகை ஈ உண்டு. ஏரிக்கரை ஊர்களில் மாலை விளக்கைச் சுற்றித் திரளாக மொய்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் புழு நீரின் அடிச்சேற்றில் வாழ்கிறது. சில இனங்களின் புழுக்களுக்கு நம்மைப்போலக் குருதியில் செந்நிறப் பொருள் இருப்பதால் அவை சிவந்து காணப்படும். புழு கூட்டுப்புழுவாகி, மேலெழுந்து, நீர்த்தோலின் அடியில் தொங்கி, அதைப் பிளந்துகொண்டு வெளிவர வேண்டும். இப்போராட்டத்துக்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த வேளையில் அது தப்பி ஓட இயலாது. டிரவுட் அதனைத் துரத்த வேண்டியதில்லை. நீரோட்டம் கொண்டுவந்து ஊட்டுகிறது. ஒரு பூச்சியின் எடை சில மில்லிகிராம்கூடத் தேறாது. ஆயினும் வால் அசைவு ஒன்றுக்கு ஒரு கவளமாக நூற்றுக்கணக்கில் கிடைக்குமானால், வரவு செலவைவிட மிகுந்து நிற்கிறது. பெரிய மீன் ஏன் இத்துணைச் சிறிய இரைக்காகக் காத்துக் கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுவே. பனி படர்ந்த குளிர்காலத்திலும் இவ்வகை ஈக்கள் பிறப்பதுண்டு.

கோடைக் காலைகளில் அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் ஓடைகள் சிலவற்றில் வேறொரு காட்சி. மே ஈ எனப்படும் இனத்தில் மிகச் சிறிய வகை ஒன்றுண்டு. கரிய உடலும் வெள்ளை இறகுகளும் உடையது. நம் ஈசலை நினைவூட்டுமாயினும் ஈசலன்று. ஆண் பூச்சிகள் இரவில் நீரைவிட்டு வெளிவருகின்றன. பெண் பூச்சிகள் விடியலில் வருகின்றன. சிறகு முளைத்த பின்னரும் மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது மே ஈக்களுக்கே உரிய தனித்தன்மை. வேறெந்தப் பூச்சி இனத்துக்கும் இஃதில்லை. அதன்பின் ஓடைக்கு மேலே புகைபோல் திரண்டு ஆடிக் கூடுகின்றன. முட்டையிட்டதும் சிறகுகளை இருபுறமும் விரித்தபடி நீரில் வீழ்ந்து மடிகின்றன. வளர்ந்த பூச்சிக்கு உணவு உண்ணும் வாய் இல்லை. அதற்கு அந்தச் சில மணி நேரமே வாழ்வு. இச்சாவு மழையின்போது டிரவுட்டுகள் வரிசையாக நின்று, தறியின் ஓட்டம்போல் ஒழுங்காக வாய் திறந்து மூடும்.

இனிக் கட்டும் முறைக்கு வருவோம். மேசையின் விளிம்பில் ஒரு சிறு பற்றுக்கருவி. அதன் வாயில் முள்ளைப் பிடிக்க வைக்கிறோம். எதிரே வெண்காகிதம் ஒட்டிய அட்டை. இல்லையேல் முள் கண்ணுக்குத் தெரியாது. என் வயதினருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். முதல் வேலை, முள்ளின் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கிவிடுவது. பின்னால் நசுக்கும்போது முள் ஒடிந்தால் கட்டிய உழைப்பும் போகும். முன்னால் ஒடிந்தால் முள் மட்டுமே நட்டம். அதன்பின் மெல்லிய நூலை முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னேயிருந்து வால் நோக்கிச் சுற்றுகிறோம். நூல் முறுக்குடன் இருந்தால் உருண்டு நின்று தடிப்பேற்றும். அதனால் நூற்கண்டைத் தாங்கும் கருவியை இடப்பக்கமாகச் சுழலவிட்டு முறுக்கைப் பிரித்தால், நூல் நாடாபோல் தட்டையாகப் படியும். இரண்டோ மூன்றோ இறகு இழைகள் வால். அந்த நூலே உடல். வெள்ளை இழைத் துணுக்கு ஒன்றைக் குறுக்கே வைத்துக் கட்டினால், விரித்த சிறகு. மூன்று சுற்றில் முடிச்சு. இறந்து விழுந்த அந்த மே ஈ ஆயத்தம்.

சொல்லும்போது எளிது. செய்யும்போது ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறுகிறது. பெரிய பூச்சியில் பத்துச் சுற்று மிகையானாலும் கேடில்லை; எள்ளளவு முள்ளில் ஒரு சுற்று மிகையானால் தலை பருத்துப்போகும். உடல் பருத்தாலோ முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வாய் அடைபட்டு, மீன் கவ்வினாலும் முனை அதன் உதட்டில் தைக்காது. மெழுகோ பசையோ முள்ளின் கண்ணில் ஒரு துளி புகுந்துவிட்டால், ஓடைக்கரையில் விடியலின் மங்கலான ஒளியில் நூலைக் கோக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். தொடக்கக்காரர் அனைவரும் இறகை அள்ளி வைக்கவே விரும்புவர். கட்டுரையில் உவமைகளை அடுக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை எனக்கு நினைவூட்டினர். முதியவர் நான் கட்டியதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் பாதியை எடுத்துவிடுங்கள், ஐயா, பிறகு மிச்சத்திலும் பாதியை எடுங்கள்” என்ற கருத்துப்படத் தம் மொழியில் சொல்லுவார்.

பொய்ப்பூச்சி கட்டுவது புதிய கலையன்று. ஏறத்தாழ கி.பி. 200இல் வாழ்ந்த ஏலியன் என்னும் ரோமானிய அறிஞர், மாசிடோனியா நாட்டு ஆற்றில் மீன் பிடிப்போர் முள்ளின்மேல் சிவந்த கம்பளியைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டியதை எழுதி வைத்துள்ளார். உண்மைப் பூச்சியைக் கையால் தொட்டாலே அதன் நிறம் கெட்டுவிடுவதால் இந்த உபாயம் என்று காரணமும் கூறுகிறார். அவ்வளவு பழைய கலையில் எள்ளளவு பூச்சி மட்டும் ஏன் இத்துணைக் காலந்தாழ்ந்து தோன்றிற்று? நூலே தடையாயிருந்தது. முற்காலத்தில் தூண்டிலின் நுனி இழையைப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்தனர். கூடு கட்டப்போகும் புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அச்சுரப்பியை நீள இழுத்து உலர்த்துவர். அதனை மேலும் மெலிதாக்க, உலோகத் தகட்டின் துளை வழியே இழுத்துச் சுரண்டுவர். எத்தனை முறை இழுத்தார்கள் என்பதைக் குறிக்க ‘எக்ஸ்’ என்னும் அடையாளமிட்டனர். மிக மெலிந்த பட்டிழை வலுவிழந்து அறுந்துபோகும். வாலஸ் கரோதர்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் 1935இல் நைலான் பிறந்தது. அதன் பின்னரே மெலிந்தும் வலுவுடனும் இருக்கும் இழை கிடைத்தது. பட்டிழை மறைந்தும் அந்த அடையாளம் மறையவில்லை. 11 என்ற எண்ணிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிப்பு என்பது தெரியும். 7 எக்ஸ் இழை ஆயிரத்தில் 4 பங்கு. அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலைமயிரோடு வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து மீனின் கண். நீருக்கு அடியிலிருந்து மேலே நோக்குவோர்க்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டப் பலகணிக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி நீரில் புகும்போது வளைவதால் விளையும் காட்சி இது. பலகணிக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்புறம் கண்ணாடிபோல் ஓடையின் அடித்தளத்தையே எதிரொளிக்கும். அக்கூம்பின் கோணம் 97 பாகைக்குச் சற்று மேல். கணக்கிட்டால், பலகணியின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப்போல் 2.27 மடங்கு. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 136 சென்டிமீட்டர் அகலமான பலகணி. மேற்பரப்பை ஒட்டி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்பதற்கு 34 சென்டிமீட்டர்தான். சிறு பூச்சிகளை உண்ணும் மீன் மேலேயே நிற்கிறது. ஆகையால் அதன் உலகம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்று அகலமானது. ஒரு சாண் விலகி விழுந்த பூச்சி எவ்வளவு நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதற்கு இல்லாத பொருளே. பூச்சியின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவோர் பலரைக் கண்டேன். எறிந்த இடம் சரியாயிருந்தால் அவ்வாதத்தில் பாதி தேவைப்படாது என்பது என் கருத்து.

இடம் சரியாயிருந்தால் மட்டும் போதாது. பூச்சி நீரின் வேகத்திலேயே மிதந்து செல்லவேண்டும். நடுவே நீர் விரைந்தும் ஓரத்தில் தயங்கியும் ஓடுவதால், குறுக்கே கிடக்கும் நூல் பூச்சியைச் சிறிது இழுக்கும். அந்த மயிரிழை அளவு இழுப்பே மீனுக்கு எச்சரிக்கை. இதனைத் தவிர்க்க நூலை நேராக விழவிடாமல், பாம்பு ஊர்ந்த தடம்போல் நெளிந்து விழுமாறு எறிவர். நெளிவுகள் நிமிரும் வரையில் பூச்சிக்கு விடுதலை. இத்தனைக்கும் தன் பூச்சி எங்கே மிதக்கிறது என்பது எறிந்தவருக்கே தெரியாது. இருக்கக்கூடிய இடத்தைக் கருதிக்கொண்டு, அங்கே நீர் வளையமிட்டதும் கோலை மெல்ல உயர்த்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் இழை அறும்.

சென்ற ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியில் இவற்றைச் சொன்னபோது, ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்த ஓடையில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்கிறீர்கள். விடுவதானால் பிடிப்பானேன்? அதற்கு வலிக்காதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. லெட்டார்ட் ஓடையின் ஒரு பகுதியில் பொய்ப்பூச்சியால் மட்டுமே பிடிக்கலாம், பிடித்த டிரவுட்டைக் கொல்லலாகாது என்பது விதி. எதிர்ப்பல் இல்லாத சிறு முள் உதட்டோரத்தில் எறும்புக்கடி அளவே தைக்கிறது, எடுப்பதும் எளிது. ஆனால் முள்ளைவிட இழையே மீனுக்கு ஆபத்து. மெல்லிய இழை அறாதிருக்க நெடுநேரம் விட்டுவிட்டு இழுத்தால் மீன் களைத்துப்போகும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் நீரிற் கரைந்த உயிர்வளி குறையும். அப்போது களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது அரிது. அறிந்தவர்கள் அந்நாட்களில் கோலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். அறிந்தும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். “வலிக்காது என்று நான் சொல்லமாட்டேன், அம்மா” என்றேன். அவள் அமர்ந்தாள், ஒப்புக்கொண்டாள் என்று நான் கருதவில்லை.

அவளுக்கு இன்னொரு செய்தியையும் சொன்னேன். 1981இல், அந்த ஓடையின் மேற்பகுதியில் நீரில் வளரும் ஒருவகைக் கீரையைப் பயிரிட்ட பண்ணையிலிருந்து பூச்சிமருந்து ஓடையிற் கலந்தது. மீன்கள் பெருவாரியாக மாண்டன. மீன் சாவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். எள்ளளவு பூச்சிகள் குறைந்தால் யாருக்குத் தெரியும்? காலைதோறும் குனிந்து நீரைப் பார்த்துப் பழகியவர்களுக்கே தெரியும். ஓடையில் எந்தப் பூச்சி எந்தத் திங்களில் எந்த மணிக்குப் பிறக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது அங்குள்ள தூண்டிற்காரர் பலரின் வழக்கம். நம் ஏரியிலும் வாய்க்காலிலும் இத்தகைய குறிப்பேடு வைத்திருப்பவர் எவரேனும் உளரா என்று கேட்டேன். வகுப்பில் எவரும் கை தூக்கவில்லை.

இறுதியாக ஒரு பறவையைப் பற்றிச் சொல்லவேண்டும். தத்துப்பூச்சியைக் கண்ட மரினாரோ அதன் உருவத்தை எதனாற் செய்வது என்று தேடினார். கீழிருந்து நோக்கும் மீனுக்கு அது ஒளி ஊடுருவாத, முட்டை வடிவான சிறு நிழலாகத் தெரிகிறது; தடிப்போ ஏறக்குறைய இல்லை. அவருக்குக் கிடைத்த விடை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சென்றது. சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகை உருக்கிச் சொட்டியதுபோல் வெள்ளையும் பொன்னிறமுமான தட்டையான பொட்டுகள் உண்டு. நம் முன்னோர் கானக்கோழி என்று அழைத்த பறவை அது. குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதன் கழுத்துப் புள்ளிகளையும் அவற்றின்மேல் விழும் நீர்த்துளியையும் நோக்கிப் பாடியிருக்கிறார். முள்ளின் தண்டு முழுவதும் இறகைச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்துவிட்டு, முதுகின்மேல் இந்தப் பொட்டு இறகு ஒன்றைத் தட்டையாகக் கட்டினால் தத்துப்பூச்சி முடிந்தது. அவ்வளவு எளிய, அவ்வளவு துணிவான பூச்சியை நான் வேறு கண்டதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஜார்ஜ் கிரிஃபித் பெயரால் வழங்கும் கொசுவளவான பூச்சிக்கும் உடலாவது மயிற்பீலியின் இழையே. அவர் 1959இல் டிரவுட் மீனைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர்.

இறகுக்காக அக்காட்டுக்கோழிகள் முற்காலத்தில் திரளாகக் கொல்லப்பட்டு, கழுத்துத் தோல்கள் கடல் கடந்து சென்றன. ஒரு கழுத்தில் நூற்றுக்கணக்கான இறகுகள். ஒரு பூச்சிக்கு ஒன்றே ஒன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அப்பறவையை நம் நாட்டில் வேட்டையாடுவது தடுக்கப்பட்டுள்ளது. வெளிநாடுகளில் இன்று கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகே விற்பனையாகிறது, விலையும் மிகுதி. முதியவரிடம் அப்படிப்பட்ட கழுத்து ஒன்று பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், பூச்சி அரிக்காதிருக்க இரசகர்ப்பூர உருண்டைகளுடன் இருந்தது. பெரிய இறகுகளைப் பெரிய பூச்சிக்கென்று வைத்துக்கொண்டு, உச்சந்தலையை ஒட்டிய மிகச் சிறியவற்றை மட்டும் இடுக்கியால் எடுப்பார். கீறல் விழுந்த இறகையும் எறிந்துவிடமாட்டார். அடிப்புறத்தில் ஒரு துளி பசை தடவி, விரல்களுக்கிடையே நீவி, கீறலை மூடி உலர வைப்பார்.